முன்னால் போகும் லாரி வலப்பக்க இண்டிகேட்டர் போட்டால் ‘வா’ என்று அர்த்தமா, ‘வராதே’ என்று அர்த்தமா?

பொருநைக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

போன வியாழக்கிழமை மாலை சேரன்மகாதேவியிலிருந்து வீரவநல்லூருக்குக் காரில் போய்க்கொண்டிருந்தேன். பின் இருக்கையில் அம்மா. டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். முகப்பு விளக்கைப் போடலாமா வேண்டாமா என்று கை தயங்குகிற நேரம். வானத்தில் வெளிச்சம் இருக்கிறது, தரையில் இல்லை. முன்னால் ஒரு பழைய டிப்பர் லாரி முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. சிறிது தூரம் அதன் புழுதியைத் தின்றுகொண்டே பின்னால் போனேன். அப்போது அதன் வலப்பக்க இண்டிகேட்டர் மினுக்கத் தொடங்கியது.

நான் ஆறு வருடம் புணேயில் வேலை பார்த்தவன். அந்தப் பக்கத்துச் சாலைகளில் முன்னே போகிற லாரி வலப்பக்க விளக்கைப் போட்டால், ‘எதிரே வண்டி இல்லை, நீ முந்திக்கொள்’ என்று பொருள். எனக்கு அதுதான் பழக்கம். ஹாரனை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வலப்புறம் ஏறினேன். லாரியும் வலப்புறமே திரும்பியது. அங்கே ஒரு செங்கல் சூளைக்குப் போகும் மண்பாதை இருந்திருக்கிறது. பிரேக்கை மிதித்து, வலச் சக்கரங்கள் இரண்டும் மண்ணில் இறங்கி, இடப்பக்கக் கண்ணாடி லாரியின் பக்கப் பலகையில் உரசி உடைந்து விழுந்தது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீடு வந்து சேரும்வரை அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

லாரிக்காரர் இறங்கி வந்தார். “இண்டிகேட்டர் போட்டேனே தம்பி, பார்க்கவில்லையா?” என்றார். “பார்த்தேன் அண்ணாச்சி, பார்த்ததால்தான் வந்தேன்” என்றேன். அதற்கு மேல் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

இங்கே பல வகை வண்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள். நம் பகுதியில் அந்த விளக்கை நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள்? யார் மேல் தவறு என்று கேட்கவில்லை. ஒரே விளக்கு இரண்டு பேருக்கு எப்படி இரண்டு சொல் சொன்னது என்பதுதான் என் கேள்வி.

ஓட்டுநர் பயிற்றுநர், பாளையங்கோட்டை

தம்பி, விதியில் இதற்கு இரண்டு பொருள் கிடையாது. வலப்பக்க விளக்கு போட்டால், போட்டவர் வலப்புறம் போகப்போகிறார். அவ்வளவுதான். ‘முந்திக்கொள்’ என்று சொல்வதற்கு இண்டிகேட்டரை எந்த விதியும் ஒதுக்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன் உரிமம் வாங்கியவர்களிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

பேட்டை லாரி ஓட்டுநர்

பயிற்றுநர் ஐயா சொல்வது சரி. ஆனால் சாலையில் அது போதாது என்பதை இருபத்திரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்கள் ஆட்களுக்குள் பழக்கம் இதுதான். தமிழ்நாட்டுக்குள் ஓடும்போது, பின்னால் ஒருவன் முந்தப் பார்க்கிறான், எதிரே வண்டி வருகிறது என்றால் வலப்பக்க விளக்கைப் போடுவோம். ‘வராதே’ என்று அர்த்தம். எதிரே காலி என்றால் இடப்பக்க விளக்கு. ‘நான் ஒதுங்குகிறேன், நீ போ’ என்று அர்த்தம். வடக்கே லோடு ஏற்றிப் போனால் இது தலைகீழாகிவிடும். அங்கே வலப்பக்கம் போட்டால் ‘வா’. முதல் தடவை நான் அந்தப் பக்கம் போனபோது, ‘வராதே’ என்று வலப்பக்கம் போட்டேன். பின்னால் வந்த டேங்கர் அதை அழைப்பாக எடுத்துக்கொண்டு ஏறியது. எதிரே ஒரு பஸ். அந்த பஸ் ஓட்டியவர் கெட்டிக்காரர், மண்ணில் இறக்கிவிட்டார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பின்னால் வருகிறவனுக்கு விளக்கால் எதுவும் சொல்வதில்லை. விளக்கு எனக்கு மட்டும்: நான் திரும்பினால் போடுவேன், திரும்பாவிட்டால் போடமாட்டேன். பின்னால் இருப்பவனுக்குச் சொல்ல வேண்டுமானால் கையை வெளியே நீட்டுவேன். கையைத் தப்பாகப் படித்தவன் இதுவரை ஒருவனும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் லாரியில் கிளீனர் இருப்பான். இடப்பக்கம் தலையை நீட்டிப் பார்த்து, பாடியில் கையால் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. இப்போது பல வண்டிகளில் ஓட்டுநர் தனியாள். அந்தக் கிளீனர் பார்த்த பக்கத்தை இன்று கண்ணாடி மட்டும்தான் பார்க்கிறது. பின்னால் வருகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: என் கண்ணாடியில் நீங்கள் தெரியாவிட்டால், என் விளக்கு உங்களுக்குச் சொன்னதே இல்லை.

வள்ளியூர்ப் பெரியவர்

அரசு பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன் நான். எங்களுக்கும் அதே கணக்குதான்: கண்டக்டர் விசில் ஒன்று அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் எடுக்க வேண்டும். அதில் முப்பது வருடத்தில் ஒரு நாள்கூடக் குழப்பம் வந்ததில்லை. ஏனென்றால் அது இரண்டு பேருக்குள் இருக்கும் மொழி. விளக்கு ஊருக்கே பொதுவான மொழி, அதனால் ஆளுக்கு ஒரு பொருள் வந்துவிடுகிறது.

பயிற்றுநர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. கையை நீட்டி முன்னும் பின்னும் அரைவட்டமாக அசைத்தால் ‘என்னை முந்திக்கொள்’ என்று பழைய விதியில் இருந்ததல்லவா? அந்த நாளில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஓட்டுநர் பயிற்றுநர், பாளையங்கோட்டை

இருந்தது ஐயா. 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளில் கைச்சைகைகள் தெளிவாக இருந்தன. உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்துக் கையை மேலும் கீழும் அசைத்தால் வேகம் குறைக்கிறேன். முன்கையைச் செங்குத்தாக உயர்த்தினால் நிற்கப்போகிறேன். உள்ளங்கை முன்னோக்கியிருக்கக் கையை நேராக நீட்டினால் வலப்புறம் திரும்புகிறேன். நீட்டிய கையை வட்டமாகச் சுழற்றினால் இடப்புறம். நீங்கள் சொன்ன அரைவட்டச் சைகைதான் பின்னால் வருகிறவரை முந்தச் சொல்வது. 2017இல் புதிய ஒழுங்குமுறைகள் வந்து 1989ஐ மாற்றின.

இப்போது எழுதும்போதுதான் ஒன்று படுகிறது. முந்தச் சொல்வதும் வலக்கையால், வலப்புறம் திரும்புவதும் வலக்கையால். கை உள்ளே போய் விளக்கு வந்தபோது, இரண்டு சைகைக்கும் ஒரே விளக்குதான் மிஞ்சியிருக்கும். வடக்கே ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள், இங்கே இன்னொன்றை. இது என் ஊகம். ஆனால் காலையில் நான் எழுதியதைப்போல ‘அவ்வளவுதான்’ என்று முடித்துவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பாளை ஆசிரியை

ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் சார்பில் ஒன்று சொல்ல வேண்டும். நான்கு விளக்கையும் ஒன்றாக மினுக்கவிட்டுக்கொண்டு சந்திப்பில் நேராகப் போகிற கார்கள்! நேராகப் போவதற்கு எந்த விளக்கும் வேண்டாம் என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லுங்கள்.

வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் தினமும் காலையில் இதைப் பார்க்கிறேன். கார்க்காரர் நினைப்பது, ‘நான் நேராகப் போகிறேன், நான்கும் எரிகிறது, எல்லாருக்கும் தெரியும்’ என்று. ஆனால் நான் அவருக்கு இடப்பக்கம், பக்கவாட்டில் நிற்கிறேன். நான்கில் எனக்குத் தெரிவது இடது முன்விளக்கு ஒன்று மட்டும். அது மினுக்குகிறது. நான் என்ன நினைப்பேன்? இடப்பக்கம் திரும்புகிறார் என்று நினைத்து ஒதுங்கி நிற்பேன், அல்லது அவர் திரும்பிவிடுவார் என்று நம்பி முன்னே எடுப்பேன். இரண்டாவதைச் செய்த ஒரு கல்லூரிப் பெண் என் கண் முன்னால் விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அவளை எழுப்பி உட்கார வைத்தபோது கார்க்காரர் சொன்னார்: “நான்கு விளக்கும் போட்டிருந்தேனே அக்கா.” பொய் சொல்லவில்லை அவர். நான்கும் எரிந்தன. அவள் நின்ற இடத்திலிருந்து நான்கு இல்லை.

அந்த நான்கு விளக்கும் வண்டி பழுதாகி நிற்கும்போதும், ஆபத்தில் இருக்கும்போதும் போடுவதற்கானவை. தயவுசெய்து இதை வீட்டில் கார் ஓட்டும் எல்லாரிடமும் சொல்லுங்கள்.

பணகுடி பைக்

வள்ளியூர் ஐயா, முகப்பு விளக்கை ஒரு தடவை மினுக்கினால் நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்கள்?

வள்ளியூர்ப் பெரியவர்

‘நான் வந்துவிட்டேன், நீ நில்’ என்றுதான். குறுகிய பாலத்தில் யார் முதலில் மினுக்குகிறாரோ அவருக்கு வழி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மினுக்கினால் பெரிய வண்டிக்கு வழி. எழுதிய சட்டம் இல்லை, ஆனால் நாங்குநேரிப் பக்கத்துக் கால்வாய்ப் பாலங்களில் நான் ஓட்டிய காலமெல்லாம் இப்படித்தான் நடந்தது.

என் மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். அங்கே அவள் கார் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போனேன். ஒரு சந்தில் எதிரே வந்த கார் மினுக்கியது. “நில்லம்மா, அவன் வருகிறான்” என்று கத்திவிட்டேன். அவள் கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டு நிதானமாக முன்னே போகிறாள்! அங்கே பழக்கத்தில் அது ‘நீங்கள் வாருங்கள்’ என்பதாம். அவள் விடுமுறைக்கு வள்ளியூர் வந்தால் நான் வண்டிச் சாவியைக் கொடுப்பதில்லை. முதல் மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகிக்கொள் என்பேன்.

மேலப்பாளையத்துக்காரன்

எல்லாரும் விளக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். செல்போன் வரைபடத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. வெளிநாட்டில் பதினொரு வருடம் ஓட்டியவன் நான். அங்கே வரைபடத்தில் சிவப்புக் கோடு வந்தால் நெரிசல், கோடு தெளிவாக இருந்தால் வழி தெளிவு. கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன்.

2023 டிசம்பர் வெள்ளம் எல்லாருக்கும் நினைவிருக்கும். 17, 18 தேதிகளில் பேய் மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் பதிவானது. ஆத்தூரில் இருக்கும் என் தங்கையிடமிருந்து போன் வரவில்லை. அந்தப் பக்கம் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. 19ஆம் தேதி காலையில் பொறுக்க முடியாமல் கிளம்பினேன். வரைபடத்தில் திருச்செந்தூர் சாலை முழுக்கத் துளி சிவப்பு இல்லை. அப்படியானால் சாலை திறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

செய்துங்கநல்லூர் தாண்டியதும் நான்கைந்து பேர் துண்டை வீசிக்கொண்டு நடுச்சாலையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் சாலை இல்லை. பழுப்பு நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வரைபடம் சாலையைப் பார்ப்பதில்லை. சாலையில் போகிறவர்களின் செல்போன்கள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்பதைப் பார்க்கிறது. வண்டியே போகாத சாலையில் மெதுவாகப் போகிற வண்டியும் இல்லை. ஆகவே சிவப்பும் இல்லை. வெள்ளத்தில் அறுந்த சாலையும் விடிகாலையில் காலியாகக் கிடக்கும் சாலையும் அதற்கு ஒன்றுபோலவே இருக்கும், யாராவது போய்ச் சொல்லும்வரை. தங்கை நலமாக இருந்தாள். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

கடையம் வாடகைக் கார்

அண்ணாச்சி சொன்னதற்கு நேர் எதிர் ஒன்று. வரைபடம் சிவப்பாக இருக்கும், ஆனால் நெரிசல் இருக்காது. ரயில்வே கேட் அடைத்தால் இரண்டு பக்கமும் வண்டி நிற்கும், உடனே சிவப்புக் காட்டும். தென்காசி ரயில் போகிற நேரம் எனக்குத் தெரியும் என்பதால் நான் ஒரு டீ குடித்துவிட்டுப் போவேன்; நான் போகும்போது கேட் திறந்திருக்கும். வெளியூர்க்காரர்கள் வரைபடம் காட்டும் மாற்றுவழியில் திரும்பிவிடுவார்கள். அது கால்வாய்க் கரையில் போகும் பாதை. எதிரே ஒரு டிராக்டர் வந்தால் அரைக் கிலோமீட்டர் பின்னாலேயே வர வேண்டும். குற்றால சீசனில் கன்னடியன் கால்வாய்க் கரையில் அப்படி மாட்டிக்கொண்ட மூன்று கார்களை நானே ரிவர்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

எங்களுக்குச் சிவப்பு என்றால் ‘ஏன்’ என்று கேட்கத் தோன்றும். அவர்களுக்குச் சிவப்பு என்றால் ‘திரும்பு’.

களக்காடு வாழைத்தோட்டம்

நான் டிராக்டர் ஓட்டுகிறவன். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இரவில் போகிறோம். டிரெய்லருக்குப் பின்னால் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டியிருக்கிறேன். ஆனால் வாழை இலையும் சருகும் தொங்கி அதை மூடிவிடும் என்பது எனக்கே ஒரு நாள் பின்னால் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. இப்போது கிளம்புவதற்கு முன் ஒரு நடை பின்னால் போய்ப் பார்க்கிறேன்.

இன்னொன்று, இது என் மனத்தை அறுக்கிற விஷயம். வண்டி பழுதாகி நின்றால் வேப்பங்குலையை ஒடித்துப் பின்னால் செருகி, இருபது முப்பது அடி தள்ளிச் சாலையில் வரிசையாகக் கல் வைப்பார்கள். அதைப் பார்த்தால் எங்கள் ஊரில் சின்னப் பையனுக்கும் புரியும், முன்னே வண்டி நிற்கிறது என்று. பகலில் சரி. ஆனால் வண்டியைச் சரிசெய்து எடுத்துக்கொண்டு போகிறவர்கள் கல்லை எடுப்பதில்லை. வேப்பங்குலை வண்டியோடு போய்விடும், கல் அங்கேயே கிடக்கும். இரவில் பைக்கில் வருகிறவனுக்கு அது எச்சரிக்கை இல்லை, ஆபத்து. என் பெரியப்பா மகன் ஏர்வாடிச் சாலையில் அப்படி ஒரு கல்லில் ஏறித்தான் விழுந்தான். இன்றும் இடது தோளை முழுதாக உயர்த்த முடியாது.

பேட்டை லாரி ஓட்டுநர்

களக்காடு தம்பி, உங்கள் பெரியப்பா மகனிடம் சொல்லுங்கள், நான் வைத்த கல்லாக இருந்திருக்காது. ஆனால் இளவயதில் நானும் எடுக்காமல் போயிருக்கிறேன். இரண்டு தடவையாவது இருக்கும். இதை எழுதக் கை கூசுகிறது.

பணகுடி பைக்

பலகையும் விளக்கும் மட்டும் தகவல் இல்லை என்பதற்கு எங்கள் ஊர்க் காற்று சாட்சி. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று பைக்கைத் தூக்கும். நாகர்கோவில் பக்கம் போகும்போது வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். லாரி ஒன்று நம்மை முந்தும்போது அது காற்றை மறைத்துவிடும். நாம் வலப்புறம் சாய்ந்தே ஓட்டிப் பழகியிருப்போம், அதனால் லாரியை நோக்கி இழுக்கும். லாரி கடந்ததும் ஒரே அறையாக இடப்புறம் தள்ளும். வெளியூர் ஆட்கள் காற்றாலைகளைப் படம் எடுக்கிறார்கள். நாங்கள் அது எந்தப் பக்கம் முகம் காட்டி நிற்கிறது, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வேகத்தைக் குறைக்கிறோம்.

ஓட்டுநர் பயிற்றுநர், பாளையங்கோட்டை

அருமையான பதிவுகள். என் பங்குக்கு ஒன்று. பலகையின் எழுத்தைப் படிக்க முடியாதவர்களுக்காகத்தான் வடிவம் வைத்திருக்கிறார்கள். சிவப்பு வட்டம் என்றால் தடை அல்லது கட்டுப்பாடு, சிவப்பு முக்கோணம் என்றால் எச்சரிக்கை, நீலச் செவ்வகம் என்றால் தகவல். நில் என்பதற்கு எட்டுக்கோணம், வழிவிடு என்பதற்குத் தலைகீழ் முக்கோணம். பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும் அந்த இரண்டையும் அடையாளம் காணலாம். மைல்கல்லின் தலையும் அப்படித்தான்: மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. இரவில் நான்குவழிச் சாலையில் தரையில் பதித்த ஒளிக்கற்கள் இடது ஓரத்தில் சிவப்பாகவும், நடுத்திட்டுப் பக்கம் மஞ்சளாகவும் இருக்கும். மழையில் கோடு தெரியாதபோது அதுதான் கை பிடித்துக் கூட்டிப்போகும்.

மினுக்கும் சிக்னலில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. மஞ்சள் மினுக்கினால் கவனமாகப் போகலாம். சிவப்பு மினுக்கினால் நின்று, பார்த்து, பிறகு போக வேண்டும். என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர் இரண்டையும் ‘சிக்னல் வேலை செய்யவில்லை’ என்றே படிக்கிறார்கள்.

பொருநைக்கரையான் தம்பி, உங்களுக்கு ஒரு கேள்வி. அந்தச் செங்கல் சூளைப் பாதைக்கு முன்னால் ‘வலப்புறம் கிளைச்சாலை’ என்ற முக்கோணப் பலகை இருந்ததா? இருந்திருந்தால் அந்த விளக்கை நீங்கள் வேறுவிதமாகப் படித்திருப்பீர்கள்.

பொருநைக்கரையான்

ஐயா, நீங்கள் கேட்டது இரண்டு நாளாக மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று காலை பைக்கில் அதே இடத்துக்குப் போனேன்.

பலகை இருக்கிறது. சேரன்மகாதேவியிலிருந்து வரும்போது, சூளைப் பாதைக்குக் கொஞ்சம் முன்னால், இடது ஓரத்தில். ஆனால் உடைமரம் வளர்ந்து அதன் மேல் படர்ந்துவிட்டது. முக்கோணத்தின் கீழ் விளிம்பு மட்டும் ஒரு சாண் அகலத்துக்குத் தெரிகிறது. சாலையில் உட்கார்ந்து, காரில் என் கண் இருக்கும் உயரத்துக்குத் தலையை வைத்துப் பார்த்தேன். அந்தச் சாணும் தெரியவில்லை. சூளையில் வேலை செய்யும் ஒரு பெரியவர் வந்து என்ன தேடுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். “பலகையா? இங்கே பலகை இருக்கிறதா?” என்றார். பக்கத்திலேயே வேலை செய்கிறார்.

அரிவாள் இருந்தால் தாருங்கள் என்றேன். முள் கையைக் கிழித்துவிடும் என்று அவரே வெட்டினார். இரண்டு கிளைகள் தடிமனாக இருந்ததால் விட்டுவிட்டோம். அவை துறைக்காரர்கள் வந்து எடுக்க வேண்டியவை. இப்போது பலகையில் பாதி தெரிகிறது. ஆனால் வெயிலில் வெளுத்து, சிவப்பு ஓரம் ஆரஞ்சாகிவிட்டது; இரவில் விளக்குப் பட்டாலும் ஒளி திரும்பி வராது என்று நினைக்கிறேன். வெட்டுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்திருக்கிறேன்.

பேட்டை அண்ணாச்சி, உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “அந்த லாரிக்காரரும் பாவம், அவர் சரியாகத்தானே போட்டார்” என்றார். அந்த மாலைக்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசியது இதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கப்போகிறேன். புதிய பலகை, மரக்கிளை, இரண்டும் அதில் இருக்கும். வேறு எங்கெல்லாம் பலகை மறைந்திருக்கிறது என்று தெரிந்தவர்கள் இடத்தையும் படத்தையும் ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் இங்கே போடுங்கள், ஒரே மனுவில் சேர்த்துவிடுகிறேன்.

பாளை ஆசிரியை

நானும் வருகிறேன் தம்பி. காலை பத்து மணிக்கு வாசலில் நிற்கிறேன். வண்ணார்பேட்டை ரவுண்டானாவுக்கு முன்னால் ஒரு துணிக்கடை விளம்பரத்துக்குப் பின்னால் ‘வழிவிடு’ பலகை ஒன்று ஒளிந்திருக்கிறது. நாளை படம் எடுத்துப் போடுகிறேன்.

களக்காடு வாழைத்தோட்டம்

ஏர்வாடிச் சாலையில் இரண்டு. படம் இரவில் போடுகிறேன், இப்போது தார் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.